முக்காட்டுக்குள் மூச்சு

ரெமெதியோஸ் பால்கனிக் கம்பியில் வயிறு அழுந்தக் குனிந்து மகளைக் கூப்பிட்டாள். தெருவில் போய்க்கொண்டிருந்த கறுப்புக் கூம்பு முக்காடு திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கூம்பு தன்பாட்டுக்குப் போயிற்று.

திரும்பாது என்று அவளுக்கே தெரியும். சேலோவுக்கு ஏழு வயதில் புனித வாரப் பவனிக்கான முதல் அங்கியைப் போட்டுவிட்டுப் பாடம் சொன்னவள் அவள்தான். "முக்காடு விழுந்தாச்சுன்னா நீ சேலோ இல்ல, யாருமே இல்ல. கோயிலுக்கு எது கிட்ட வழியோ அதுல போகணும். பேசக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. நானே கூப்பிட்டாலும் சரி." பதினெட்டு வயதிலும் அந்தப் பெண் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தபடி ஃபெரியா தெருவின் வளைவில் மறைந்தாள்.

ரெமெதியோஸின் கையில் சேலோவின் இன்ஹேலர் இருந்தது.

முந்தின நாளே அதை அங்கியின் உள்பையில் போட்டு வைத்தவளும் ரெமெதியோஸ்தான். காலையில் அந்தப் பையருகே ஒரு சுருக்கம் கண்ணில் பட்டது. இன்ஹேலரை வெளியே எடுத்து இஸ்திரிப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு அங்கியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். இந்த ஊரில் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதோ இல்லையோ, பவனியில் அங்கி கசங்கியிருந்தால் தாயைத்தான் சொல்வார்கள்.

அவள் படிகளில் ஓடி இறங்கினாள். புனித வாரம் வருகிற காலமும் ஊரைச் சுற்றி ஒலிவ மரங்கள் பூக்கிற காலமும் ஒன்றுதான். அந்தப் பூந்தூளே சேலோவுக்கு ஆகாது. அதற்குமேல் சாம்பிராணி வேறு. போன வருஷம் உயிர்ப்பு ஞாயிறு விடியும்போது அவள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். "லேசா இருக்கும்போதே மருந்தை இழுத்திருந்தா இங்க வந்திருக்கவே வேணாம்" என்றார் டாக்டர்.

கோயிலின் பக்கவாசலை அடைந்தபோது கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. கறுப்பு அங்கிகள் ஒவ்வொன்றாக அதற்குள் போய்க்கொண்டிருந்தன. வாசலில் நின்ற பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"முக்காடு போட்டவங்களுக்கு மட்டுந்தான்மா."

"என் பொண்ணு மருந்தை விட்டுட்டுப் போயிட்டா ஐயா. சேலோ, கன்சுவேலோ வெகாஸ்."

"உள்ள நூத்துக்கணக்குல நிக்கிறாங்க, கண்ணு. அத்தனை பேரும் முக்காட்டுக்குள்ள. நான் போய் சேலோன்னு கத்தினா ஒருத்தராவது வாயத் திறப்பாங்களா? உனக்குத் தெரியாதா நம்ம சபை?"

தெரியும். ஊரில் மேளம் வைத்துப் போகிற சபைகள் உண்டு, மிட்டாய் கொடுத்துக்கொண்டு போகிற சபைகள் உண்டு. இவர்களுடையது மௌனச் சபை.

"எந்தப் பகுதில நடக்குறா?" என்றார் பெரியவர்.

"மூணாவது."

"அப்புறம் என்ன? வெளிய வரும்போது மூணாவது பகுதியப் பாத்துக் குடுத்துடு. போ."

ஆனால் வெளியே வரும்போது கொடுக்க முடியவில்லை. கணவன் கயெத்தானோவும் சின்னவள் இனேஸும் அவளைத் தேடி வந்து சேர்வதற்குள் சதுக்கம் நிரம்பிவிட்டது. பெரிய கதவு திறந்து முதல் சிலுவை தெரிந்ததும் பின்னாலிருந்தவர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். அந்த ஓர் அடியில் மூவரும் ஒரு ரொட்டிக்கடைச் சுவரோடு ஒட்டிப்போனார்கள். மனிதத் தலைகளுக்கு மேலே கூம்புகளின் நுனி மட்டும் கறுப்பு வேலிபோல நகர்ந்துபோயிற்று.

"நீ எதுக்கு அத வெளிய எடுத்த?" என்றான் கயெத்தானோ.

"சுருக்கம் இருந்துச்சு."

"சுருக்கம்!"

"ஆமா, சுருக்கம். நீ குளிச்சிட்டு அரைமணி நேரம் மீசைய வாரிக்கிட்டு நின்னியே, அப்ப நீ பாத்திருக்கலாமே?"

கயெத்தானோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். தெருக்கள் எல்லாம் அவன் தலைக்குள் இருந்தன. எந்தப் பவனி எந்த நேரத்தில் எந்த மூலையில் நிற்கும் என்பதும் இருந்தது. கண்ணை மூடி அதைப் புரட்டிப் பார்த்தான்.

"தேவ அன்புத் தெருவுல பிடிக்கலாம். அங்க தெரு குறுகல், ரெண்டு பக்கமும் வேலி கிடையாது. கைய நீட்டினா தொடலாம். ஆனா அதை விட்டா அடுத்தது காம்பானா."

அவன் அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காம்பானாச் சதுக்கத்திலிருந்து பேராலயம் வரைக்கும் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, கம்பி கட்டி, வாசலுக்கு வாசல் காவலர் நிற்பார்கள். ஊரின் எல்லாப் பவனிகளும் அந்த ஒற்றைப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தாக வேண்டும். உள்ளே போய்விட்டால், பேராலயத்தைக் கடந்து மறுபுறம் வெளியே வரும்வரை தாயும் தொட முடியாது, தகப்பனும் தொட முடியாது. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"நட" என்றாள் ரெமெதியோஸ்.

கூட்டத்தில் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. இடிக்கக் கூடாது, நிற்கவும் கூடாது. எதிரும் புதிருமாகப் போகிற இரண்டு ஆள்வரிசைகள் எந்த நெரிசலிலும் தானாக உண்டாகும். அதில் உன் பக்கம் போகிற வரிசையைக் கண்டுபிடித்து, முன்னால் போகிறவரின் முதுகை விடாமல் பிடித்துக்கொண்டால் அது உன்னைக் கொண்டுபோய்விடும். குடும்பமாகப் போகிறவர்கள் கை கோத்து அகலமாகப் போக மாட்டார்கள், ஒருவர் பின் ஒருவராக நூல் கோத்ததுபோலப் போவார்கள். கயெத்தானோ முன்னால், அவன் இடுப்புவாரைப் பிடித்தபடி இனேஸ், இனேஸின் தோளில் கைவைத்தபடி ரெமெதியோஸ். மறுகையில் இன்ஹேலர்.

"வழி விடுங்க, வழி விடுங்க கண்ணு... பாட்டில் பத்திரம் தம்பி."

"அம்மா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள் இனேஸ்.

"உனக்கு முட்டாது. நட."

கன்னியர் மடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. அதில் மூத்திர வாடையையும் மீறி ஆரஞ்சுப் பூ மணந்தது. சந்து முடிந்ததும் ஒரு மதுக்கடை. கயெத்தானோ அதன் முன்வாசலில் நுழைந்து, தேனில் ஊறிய தொர்ரிஹா ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்களின் தேன்விரல்களுக்கு நடுவே நெளிந்து, பின்வாசலில் வெளியே வந்தான்.

"பஸ் கொஞ்சம் லேட்டு போல, கயே!" என்று உள்ளிருந்து ஒருவர் கத்தினார்.

"இன்னிக்கு பஸ்ஸே கிடையாதுடா!" என்று நிற்காமல் கத்திவிட்டுப் போனான்.

அந்தத் தெருவைக் கடந்தால் அடுத்தது தேவ அன்புத் தெரு. கடக்க முடியவில்லை. குறுக்கே இன்னொரு பேட்டையின் பவனி நின்றது.

"இது இந்நேரம் போயிருக்கணுமே" என்று கயெத்தானோ முணுமுணுத்தான். "எங்கயோ தேக்கம்."

பிறத்தியார் பவனியைக் குறுக்கே கடக்கக் கூடாது என்றில்லை. வரிசை நிற்கும்போது, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளியில், கைக்கோல் பிடித்த ஒழுங்குக்காரர் தலையாட்டினால், குனிந்து விறுவிறுவென்று போய்விடலாம். சப்பரத்துக்கு முன்னால் மட்டும் கூடாது. அவர்கள் வந்து நின்ற மூலையில் நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், சப்பரம் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. பின்னால் போகலாமென்றால் மேளக்காரர்கள் தெருவை அடைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார்கள்.

"இப்பத் தூக்கிடுவாங்க" என்றான் கயெத்தானோ.

சப்பரத்தின் பக்கத் திரைக்கு அடியில் செருப்புப் பாதங்கள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே இருக்கிற நாற்பது பேருக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. கழுத்தின் பின்புறம் மரத்தைத் தாங்கியபடி குந்தியிருப்பார்கள். முன்னால் நிற்கிற தலைவரின் குரல்தான் அவர்களுக்குக் கண். அவர் சப்பரத்தின் முகப்பிலிருக்கிற வெள்ளித் தட்டுக்கட்டையைத் தட்டினால் நாற்பது முதுகும் ஒரே நொடியில் எழும். தலைவர் கட்டையில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பால்கனியில் ஒரு பெண் பாடத் தொடங்கினாள்.

தலைவர் கையை எடுத்துவிட்டார். மேளக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கடையில் தட்டுச் சத்தம் நின்றது. சப்பரத்தின்மேல் கட்டுண்டு நிற்கிற ஆண்டவரின் சுரூபத்தைப் பார்த்து, ஒரு வரியைப் பத்து வளைவு வளைத்து, மூச்சு தீரும்வரை இழுத்துப் பாடினாள் அவள். அப்படி யாராவது பாடும்போது சப்பரம் நகராது. யாரும் நகர மாட்டார்கள். இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வார்கள்.

நல்ல குரல். வேறொரு நாளாக இருந்தால் ரெமெதியோஸ் அழுதிருப்பாள். இன்று அவள் அந்தப் பெண்ணின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு மூச்சு! ஒரு வரி முடிந்து, சபாஷ் என்று யாரோ முனகி, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு வரி எழும்பிற்று. ஐந்தடி தூரம். குனிந்து ஓடினால் கடந்துவிடலாம். கால் எழவில்லை. பாட்டு நடக்கும்போது சப்பரத்தின் முன்னால் ஓடியவள் என்று அந்தத் தெருவே நூறு வருஷம் பேசும். அதற்காகத்தான் நிற்கிறேனா என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனாலும் நின்றாள்.

பாட்டு முடிந்தது. கட்டை ஒலித்தது. சப்பரம் ஒரு துள்ளு துள்ளி எழுந்து, முன்னே இரண்டு அடி, பின்னே ஓர் அடி என்று ஆடி ஆடி நகர்ந்தது.

"என்ன மகளே அவசரம்? ஆண்டவரே மெதுவாத்தான் போறார்" என்றார் பக்கத்திலிருந்த கிழவர். ரெமெதியோஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கடைசி எக்காளக்காரர் நகர்ந்ததும் மூவரும் பாய்ந்தார்கள்.

தேவ அன்புத் தெருவில் சத்தமே இல்லை. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஜனம் ஒட்டி நிற்க, நடுவே கறுப்புக் கூம்புகள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன. மெழுகு சொட்டுவது கேட்டது.

"எந்தப் பகுதி இது?" என்று கயெத்தானோ ஒரு பெண்மணியின் காதில் கேட்டான்.

"மூணு. இப்பத்தான் வந்து நின்னாங்க."

ரெமெதியோஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். சபையில் நடக்கிற இடம் மூப்பின்படிதான் அமையும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால், பழையவர்கள் சப்பரத்தின் அருகில். சேலோ பிறந்த அன்று கயெத்தானோ ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சபைக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, அதற்கு மறுநாள்தான் அரசாங்கப் பதிவுக்குப் போனான். அந்தக் கணக்கில் அவளுக்கு மூன்றாம் பகுதி. ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டான்.

ஒழுங்குக்காரர் ஒருவர் கைக்கோலோடு வந்தார். அவருக்கும் முக்காடுதான், கண்கள் மட்டும் தெரிந்தன. ரெமெதியோஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையசைத்துவிட்டு, வரிசை நெடுக ஒவ்வொரு முக்காட்டின் அருகிலும் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டே போனார். கூம்புகள் ஒவ்வொன்றாக இல்லையென்று அசைந்தன. அந்தக் கோடிவரை போய், இந்தப் பக்க வரிசையில் திரும்பி வந்தார்.

"இங்க இல்லம்மா" என்று கிசுகிசுத்தார்.

"இருக்கா. மூணாவது பகுதி, எனக்குத் தெரியும்."

"எல்லாரையும் கேட்டுட்டேன்."

"அப்ப விழுந்துட்டாளா? யாராவது தூக்கிட்டுப் போனீங்களா?"

"யாரும் விழல. விழுந்தா எனக்குத் தெரியும்."

தொலைவில் எங்கோ கட்டை தட்டும் ஒலி. மூன்றாம் பகுதி மொத்தமும் மெழுகுவர்த்தியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நகரத் தொடங்கியது. ரெமெதியோஸ் கயெத்தானோவின் சட்டையைப் பிடித்தாள். "கோயிலுக்குள்ளயே மயங்கிக் கிடக்கிறாளோ என்னவோ. ஓடு. நீ கோயிலுக்கு ஓடு, நான்..."

"அம்மா" என்றாள் இனேஸ்.

"நீ சும்மா இரு!"

"அம்மா, அக்கா மெழுகுவர்த்தி எடுக்கல." சின்னவளின் கீழுதடு நடுங்கியது. "சிலுவை எடுத்திருக்கா. சொன்னா உன் பேச்சு கான்னு சொன்னா. அதான் நான் சொல்லல."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"வீட்டுலேருந்து கூம்போடதானே போனா?" என்றான் கயெத்தானோ.

"கோயிலுக்குள்ள போய் அட்டைய எடுத்துடுவேன்னு சொன்னா. ரூம்ல கண்ணாடி முன்னாடி செஞ்சு பாத்தா."

சிலுவை சுமப்பவர்கள் சப்பரத்துக்குப் பின்னால் வருவார்கள். அவர்களுக்குக் கூம்பு கிடையாது, அட்டையை உருவிவிட்டால் முக்காடு துவண்டு முதுகில் தொங்கும். பதினெட்டு நிறைந்தவர்களுக்குத்தான் அந்த அனுமதி. ஏதாவது நேர்ச்சை இல்லாமல் யாரும் அதைக் கேட்பதில்லை, என்ன நேர்ச்சை என்று யாரும் கேட்பதுமில்லை. ரெமெதியோஸுக்கு இது எதுவும் அப்போது மனதில் ஓடவில்லை. சப்பரத்துக்கு முன்னால்தான் தூபக்கலசங்கள் போகும், அந்தப் புகையெல்லாம் பின்னால் வருகிறவர்கள் மேல்தான் இறங்கும் என்பது மட்டும் ஓடிற்று.

மிச்சமிருந்த மெழுகுவர்த்திப் பகுதிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. கடைசியில் தெருவின் வளைவில் புகை முதலில் வந்தது. அதற்குள்ளிருந்து பாடுபட்ட சுரூபம் வந்தது. குறுகிய தெருவில் புகைக்குப் போக்கிடம் இல்லை, இரண்டு பக்கப் பால்கனிகளுக்கு நடுவே சோற்றுப்பானை ஆவிபோல நின்றது. சப்பரம் கடந்தது. பின்னால் சிலுவைகள் வந்தன. கட்டை தட்டும் ஒலி கேட்டது. எல்லாம் நின்றது.

ஒரே உயரமாக, ஒரே கறுப்பாக, தோளில் ஒரே மரத்தோடு நூறு பேருக்குமேல் நின்றார்கள்.

ரெமெதியோஸ் வாயைத் திறந்தாள். கயெத்தானோ அவள் கையைத் தொட்டான். அவள் உதறினாள்.

"சேலோ!"

தெரு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. யாரோ ச்சு என்றார்கள். முக்காடுகளில் ஒன்றுகூட அசையவில்லை. "சேலோ, அம்மா!" என்றாள் மறுபடியும். ஒன்றுமில்லை. நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதுதான் அது தெரிந்தது. முகங்கள் தெரியவில்லை, ஆனால் முக்காட்டுத் துணிகள் அசைந்துகொண்டிருந்தன. வாய் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு துணியும் உள்ளே குழிந்து வெளியே புடைத்தது. மரத்தின் பாரத்தில் எல்லாருக்குமே மூச்சு வாங்கியது, குழிவும் புடைப்பும் ஒரே அளவாக.

ஆஸ்துமா என்றால் மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் போவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கஷ்டம் வெளியே விடுவதில்தான். நெஞ்சுக்குள்ளிருக்கும் குழல்கள் இறுகிவிடும், உள்ளே போன காற்று திரும்பி வர வழி கிடைக்காது. அது முழுக்க வருவதற்குள் அடுத்த மூச்சுக்கு அவசரம் வந்துவிடும். வெடுக்கென்று ஒரு இழுப்பு, பிறகு முடிவே இல்லாத மெலிந்த ஒரு விடுதல். எத்தனை இரவுகள் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ரெமெதியோஸ் அந்தத் தாளத்தைக் கேட்டிருக்கிறாள்.

வரிசையோரமாக நடந்தாள். துணிகளை மட்டும் பார்த்தாள். இது சமம். இதுவும் சமம். இது கிழவர் மூச்சு, பெரிது, ஆனால் சமம். இது வேகம், ஆனால் சமம்.

இது இல்லை.

அந்தத் துணி வெடுக்கென்று வாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் புடைக்கவே இல்லை. மெல்ல மெல்ல, மனமில்லாததுபோல, தட்டையாயிற்று. அது தட்டையாகும் முன்பே மறுபடி உள்ளே போயிற்று.

ரெமெதியோஸ் வரிசைக்குள் நுழைந்தாள். இடப்பக்கமிருந்த சிலுவை அவள் காதில் உரசியது. முக்காட்டின் விளிம்புக்கு அடியில் கைவிட்டு, இன்ஹேலரை அந்த வாயருகே கொண்டுபோனாள். சூடான, ஈரமான விரல்கள் அதைப் பிடுங்கிக்கொண்டன. ஓர் அழுத்தல். மூச்சைப் பிடித்து நெஞ்சு நின்றது. பிறகு இன்னொன்று. தோளிலிருந்த மரம் சரிய, ரெமெதியோஸ் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அது அவள் நினைத்ததைவிட மிகவும் கனத்தது.

ஒழுங்குக்காரர் விரைந்து வந்தார். இவர் வேறொருவர், கைகளைப் பார்த்தால் வயதானவர். வரிசைக்குள் நின்ற பெண்ணைத் துரத்தத்தான் வந்தார், அருகில் வந்ததும் புரிந்துகொண்டார்.

"வெளிய கூட்டிட்டுப் போயிடலாம்மா" என்றார் மெல்ல. "வெளிய போறதுன்னா இங்கயே. நாலு அடியில காம்பானா. அங்க கம்பிக்குள்ள போயிட்டா அப்புறம் கஷ்டம்."

ரெமெதியோஸ் ஆமென்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கறுப்புத் துணி இல்லையென்று ஆடியது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே ஒரு முறை. துளைகளுக்குள் கண்கள் சிவந்து நீர்விட்டிருந்தன. பேச மாட்டாள். கெஞ்சவும் மாட்டாள்.

"சேலோ, விளையாடாத."

கண்கள் அவளையே பார்த்தன.

"முடியாதுன்னா கையத் தூக்கணும். தூக்குவியா?"

துணி மேலும் கீழும் ஆடியது.

முன்னால் சப்பரத் தலைவர் கட்டையில் கை வைப்பது தெரிந்தது. ரெமெதியோஸ் அந்தத் துணியைப் பார்த்தாள். உள்ளே. வெளியே. இன்னும் சமமாகவில்லை, ஆனால் வெளியே வருகிற மூச்சில் இப்போது ஒரு புடைப்பு இருந்தது. காத்திருந்து பார்க்க நேரமில்லை. இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

"மரத்தைத் தோள்மேல இப்படி நேரா வெச்சா நெஞ்ச அழுத்தும்டி" என்றாள். "முன்பக்கத்தைத் தூக்கிப் பிடி. பாரம் பின்னால போகட்டும். இடது தோளுக்கு மாத்து. மருந்தை இடுப்பு வாருக்குள்ள சொருகு, கைக்கு எட்டுற மாதிரி." சிலுவையைத் தானே நகர்த்தி வைத்தாள். தோளுக்கும் மரத்துக்கும் நடுவே தன் கழுத்துத் துணியை மடித்துத் திணித்தாள். ஒழுங்குக்காரரைப் பார்த்து, "ஐயா, இவ பக்கத்துலயே நடங்க. முகத்தைப் பாக்காதீங்க, இந்தத் துணியப் பாருங்க. உள்ள போறது மாதிரியே வெளியவும் வரணும். வரலேன்னா என்னைக் கேக்கவே வேணாம், தூக்கிட்டு வந்துடுங்க" என்றாள்.

அவர் கைக்கோலை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சேலோவின் பக்கத்தில் வந்து நின்றார்.

கட்டை ஒலித்தது. சிலுவைகள் நகர்ந்தன. ரெமெதியோஸ் சுவரோடு ஒண்டிக்கொண்டு, கம்பி தொடங்கும் இடம்வரை அந்தத் துணியின் கூடவே நடந்தாள். காவலர் கையை நீட்டியதும் நின்றாள். முதுகுகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன, எது அவளுடையது என்று சீக்கிரமே தெரியாமல் போயிற்று.

கயெத்தானோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். இனேஸ் அவன் தோளில் இருந்தாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"இழுத்தாளா?"

"இழுத்தா."

"அப்ப ஏன் உள்ள விட்ட?"

ரெமெதியோஸின் கழுத்து வெறுமையாகக் குளிர்ந்தது.

"பேராலயத்துலேருந்து வெளிய வர்ற வாசலுக்கு எது கிட்ட வழி?" என்றாள்.

கயெத்தானோ கண்ணை மூடினான். "அல்ஃபால்ஃபா சதுக்கம் வழியா சுத்திப் போகணும். அங்க இப்ப நிறைய கூட்டம் இருக்கும்."

"இருக்கட்டும்" என்று அவள் அவன் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டாள். "நட."